அவர் இருக்கும்போதே கற்றுக்கொள்ளுங்கள்

கணவர் இறந்து மூன்று வாரம் ஆன ஓர் அம்மா என் அறைக்கு வந்து, ஒரு பிளாஸ்டிக் பையை மேசைமேல் வைத்தார். உள்ளே பிரிக்காத கடிதங்கள். மின்சாரக் கட்டணம், நகர மன்றக் கட்டணம், வங்கி அனுப்பியது, மருத்துவமனை அனுப்பியது. "இதெல்லாம் அவருதான் பாப்பாரு. எதை எங்க கட்டணும்னு எனக்குத் தெரியாதும்மா" என்றார். கல்யாணமாகி 46 வருடம்.

நான் சிங்கப்பூரில் ஒரு மருத்துவமனையில் சமூக ஊழியராக வேலை பார்க்கிறேன். இப்படிப்பட்ட பைகளை நிறையப் பார்த்துவிட்டேன். (இங்கே சொல்லும் மனிதர்களின் விவரங்களை மாற்றியிருக்கிறேன்.) அந்த அம்மாவின் வீட்டுக் கட்டணங்கள் எல்லாம் ஜைரோ வழியாகக் கணவரின் கணக்கிலிருந்து தானாகப் போய்க்கொண்டிருந்தன. அது கணவர் பெயரில் மட்டும் இருந்த கணக்கு. இறந்த செய்தி வங்கிக்குத் தெரிந்ததும் கணக்கை முடக்கிவிட்டார்கள். அது முறைதான். ஆனால் கட்டணங்கள் ஒவ்வொன்றாகத் திரும்ப ஆரம்பித்தன. வீட்டில் அரிசி இருந்தது, பருப்பு இருந்தது, கையில் ரொக்கம் இல்லை. அந்த அம்மாவுக்கென்று ஒரு வங்கி அட்டை உண்டு. அலமாரியில் உறையோடு அப்படியே இருந்தது.

இந்த அம்மாவை விவரம் தெரியாதவர் என்று நினைத்துவிடாதீர்கள். பட்டுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமத்தில் பிறந்தவர். ஆடு விற்ற பணத்தை எண்ணி வாங்கியிருக்கிறார், நடவுக்கு ஆள் பேசியிருக்கிறார், களத்துமேட்டில் நெல் அளக்கும்போது மரக்காலை எண்ணிக்கொண்டு நின்றிருக்கிறார். இங்கேயே பிறந்த அம்மாக்களும் அப்படித்தான். செம்பவாங் கடற்படைத் தளப் பக்கமோ நீ சூன் ரப்பர் தோட்டத்திலோ வளர்ந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். கம்பத்துக் (கிராமத்து) கடையில் 555 நோட்டு என்ற சின்னக் குறிப்புப் புத்தகத்தில் கடன் எழுதி, சம்பள நாளில் ஒரு காசு பிசகாமல் தீர்த்த கதையைச் சொல்வார்கள். கைக்குத் தெரிந்த கணக்கு அது. பிறகு அடுக்குமாடி வீட்டுக்கு வந்தார்கள். கடிதம் ஆங்கிலத்தில் வந்தது, பணம் இயந்திரத்துக்குள் போனது, அப்புறம் எல்லாமே கைப்பேசிக்குள் போய்விட்டது. ஒவ்வொரு கட்டத்திலும் வீட்டில் யாரோ ஒருவர் "நான் பாத்துக்கிறேன்" என்றார். அன்பால்தான் சொன்னார். அப்படியே 40 வருடம் ஓடிவிட்டது.

அதனால் சனிக்கிழமை காலையில் ஒரு புளோக்கின் கீழ்த்தளத்தில் தமிழில் வகுப்பு நடத்தத் தொடங்கினோம். பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள், பெரும்பாலும் 60 வயதைத் தாண்டியவர்கள். முதல் வகுப்புக்கு நான் திரையில் படம் போட்டு இரண்டு மணி நேரம் விளக்கினேன். எல்லாரும் தலையாட்டினார்கள், நன்றி சொன்னார்கள். அடுத்த வாரம் கேட்டால் ஒருவருக்கும் ஒன்றும் நினைவில்லை. பெரியவர்களுக்குச் சொல்லிக் கொடுப்பதில் இதுதான் சிக்கல். தெரியாது என்று சொல்ல வெட்கம். பேரப்பிள்ளை வயதில் ஒருத்தி கேள்வி கேட்டால் தெரிந்தமாதிரி தலையசைப்பதுதான் மரியாதையாகத் தோன்றும்.

திரையை எடுத்துவிட்டோம். அவரவர் கைப்பேசி, அவரவர் அட்டை, அவரவர் வீட்டுக்கு வந்த கடிதம், இவைதான் இப்போது பாடம். நானும் தொண்டூழியர்களும் ஒரு விதி வைத்திருக்கிறோம்: அவர்களுடைய கைப்பேசியை நாங்கள் தொடமாட்டோம். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்போம். எவ்வளவு நேரமானாலும் அவர்கள் விரல்தான் அழுத்த வேண்டும். வீட்டுச் செலவுக்கு அரசாங்கம் தரும் சிடிசி பற்றுச்சீட்டை எடுக்க ஓர் அக்காவுக்கு 40 நிமிடம் ஆனது. 2025 ஜனவரியில் ஒவ்வொரு சிங்கப்பூரர் வீட்டுக்கும் கிடைத்த 300 வெள்ளி (டாலர்) அது. வீட்டில் ஒருவர் சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னிலக்க அடையாளம் வழியாக உள்ளே போய் எடுத்தால் போதும். அதுவரை மகன் எடுத்து அனுப்பும் இணைப்பைக் கடைக்காரரிடம் காட்டுவதோடு சரி. அன்று அவரே எடுத்தார், அவரே கோழியும் காய்கறியும் வாங்கினார். மறுவாரம் பக்கத்து வீட்டு அம்மாவையும் கூட்டிக்கொண்டு வந்தார்.

பணம் எடுக்கும் இயந்திரத்துக்கும் நேராகவே போகிறோம். கூட்டமில்லாத நேரமாகப் பார்த்து ஒவ்வொருவராக 20 வெள்ளி எடுக்க வேண்டும், மிச்சம் எவ்வளவு என்று பார்க்க வேண்டும், அட்டையை எடுக்க மறக்கக் கூடாது. ஓர் அம்மா முந்தானையால் மறைத்துக்கொண்டு ரகசிய எண்ணை அழுத்தினார். நான் சொல்லித் தராமலே செய்தது அது. இன்னொருவர் அந்த எண்ணை அட்டையின் பின்னாலேயே எழுதி வைத்திருந்தார். அதை அங்கேயே அழிக்க வைத்தோம்.

இனி சொல்லப்போவது கொஞ்சம் கசப்பான விஷயம். ஆனால் இதற்காகத்தான் எழுத உட்கார்ந்தேன். வகுப்பில் நான் சாவைப் பற்றிப் பேசுகிறேன். முதலில் "சனிக்கிழமையும் அதுவுமா ஏம்மா அபசகுனமா" என்றார்கள். இப்போது அவர்களே கேட்கிறார்கள்.

நம் வீடுகளில் 16ஆம் நாள் கருமாதி முடியும்வரை எந்தக் காகிதத்தையும் தொடுவதில்லை. துக்கத்துக்கு அந்த இடைவெளி வேண்டும், அதை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் 2022 மே 29 முதல் இறப்புச் சான்றிதழ் மின்னிலக்க முறைக்கு மாறிவிட்டது. மருத்துவர் சான்றளித்ததும் இறப்பு தானாகப் பதிவாகிவிடும். சான்றிதழைக் குடும்பத்தார்தான் ‘மை லெகசி’ என்ற அரசாங்க இணையத்தளத்திலிருந்து 30 நாளுக்குள் பதிவிறக்கிக்கொள்ள வேண்டும். கருமாதி முடிந்து, வெளியூர் சொந்தம் எல்லாம் கிளம்பி, வீடு அமைதியாகும்போது மூன்று வாரம் போயிருக்கும். அதனால் இந்த ஒரு வேலையை மட்டும் முதல் வாரத்திலேயே யாராவது ஒருவர் செய்துவிடுங்கள்.

அடுத்து மத்திய சேமநிதி, அதாவது சம்பளத்திலிருந்து மாதாமாதம் பிடித்துச் சேர்க்கும் ஓய்வுக்காலச் சேமிப்பு. "உயில் எழுதியாச்சு, எல்லாம் அவளுக்குத்தான்" என்று நிம்மதியாக இருக்கும் அப்பாக்களை அடிக்கடி பார்க்கிறேன். சேமநிதிப் பணம் உயிலுக்குள் வராது. அது யாருக்குப் போக வேண்டும் என்று தனியாக நியமனம் செய்ய வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அம்மா பெயரில் நியமனம் செய்தவர்கள் கவனியுங்கள், உங்களுக்குக் கல்யாணமானதுமே அது ரத்தாகிவிட்டது. விவாகரத்தானால் மட்டும் நியமனம் தானாக ரத்தாகாது. பல பேருக்கு இது தெரியாது. நியமனமே இல்லையென்றால் பணம் பொது அறங்காவலர் அலுவலகத்துக்குப் போய், சட்டப்படி பாதி மனைவிக்கும் மீதிப் பாதி பிள்ளைகளுக்குச் சமமாகவும் பிரியும். முஸ்லிம் குடும்பங்களில் இஸ்லாமிய வாரிசுரிமைச் சட்டப்படி பிரியும். இதற்குக் கட்டணமும் உண்டு, காத்திருப்பும் உண்டு. சிங்பாஸ் இருந்தால் நியமனத்தை இணையத்திலேயே செய்யலாம். 21 வயது நிரம்பிய சாட்சிகள் இரண்டு பேர் வேண்டும். பணம் பெறப்போகிறவர் சாட்சியாக இருக்கக் கூடாது.

சாவைவிட என்னை அதிகம் பயமுறுத்துவது இன்னொன்று. ஆள் உயிரோடு இருப்பார், பேச முடியாது. பக்கவாதம் வந்து படுத்த கணவருக்குப் பக்கத்தில் மனைவி உட்கார்ந்திருக்கிறார். பராமரிப்புக்குப் பணம் வேண்டும், பணமும் கணக்கில் இருக்கிறது, அது அவர் பெயரில் மட்டும் இருக்கிறது. "நான் அவரோட பொண்டாட்டிம்மா, எனக்கு உரிமை இல்லையா" என்று ஒருவர் என் கையைப் பிடித்துக்கொண்டு கேட்டார். மனைவி என்பதற்காக மட்டும் வங்கி பணத்தைத் தராது. எல்பிஏ எனும் நீடித்த அதிகாரப் பத்திரம் எழுதி வைத்திருந்தால், அதில் பெயர் குறிப்பிட்டவர் அவருக்காக முடிவெடுக்கலாம், பணத்தைக் கையாளலாம். 21 வயதான யாரும் எழுதலாம். அதற்கென அங்கீகாரம் பெற்ற மருத்துவரோ, ஒரு வழக்கறிஞரோ பார்த்துச் சான்றளிக்க வேண்டும். ஆனால் நல்ல நினைவோடு இருக்கும்போதே எழுதியிருக்க வேண்டும். நினைவு போன பிறகு நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். அந்த அம்மாவும் போனார். கணவரைப் பக்கத்தில் இருந்து பார்க்க வேண்டிய மாதங்களில் மனுவுக்காக அலைந்துகொண்டிருந்தார்.

கட்டணங்கள் போகும் கணக்கை இருவர் பெயரிலும் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளையோடு கூட்டுக் கணக்கு வைப்பதென்றால் யோசித்துச் செய்யுங்கள், அவர்களும் அதிலிருந்து எடுக்கலாம். வீட்டுப் பத்திரத்தில் எந்த வகை உரிமை என்று ஒருமுறை வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தில் (வீவக) கேட்டுக்கொள்ளுங்கள். கூட்டு உரிமையாக இருந்தால் ஒருவருக்குப் பின் வீடு மற்றவருக்குப் போகும். தனித்தனிப் பங்காக இருந்தால் போகாது, இறந்தவரின் பங்கு உயில்படியோ வாரிசுச் சட்டப்படியோ பிரியும்.

தனியாக இருப்பவரைத்தான் மோசடிக்காரர்கள் எளிதாகப் பிடிக்கிறார்கள். அதனால் வகுப்பில் அழைப்பையே நடித்துப் பார்க்கிறோம். நான் போலிஸ் மாதிரி மிரட்டுவேன், அவர்கள் போனை வைக்கப் பழக வேண்டும். போனைப் பட்டென்று வைப்பது மரியாதை இல்லை என்று வளர்ந்தவர்களுக்கு அதுவே கடினம். அரசாங்க அதிகாரி எவரும் தொலைபேசியில் பணம் அனுப்பச் சொல்லமாட்டார், வங்கிக் கடவுச்சொல் கேட்கமாட்டார். சந்தேகம் வந்தால் மோசடித் தடுப்பு உதவி எண் 1799க்கு அழையுங்கள். உள்ளூர் வங்கிகள் மூன்றும் 2023 நவம்பரிலிருந்து சேமிப்பில் ஒரு பகுதியைப் பூட்டிவைக்கும் வசதி தருகின்றன. பூட்டிய பணத்தை இணையம் வழியாக அனுப்ப முடியாது. பெரிய தொகை வைத்திருப்பவர்கள் வங்கிக்கு நேரில் போய்க் கேளுங்கள்.

ஆண்களையும் விட்டுவிடவில்லை. மனைவி போன பிறகு இரண்டு மாதம் ரொட்டியும் டின் மீனும் சாப்பிட்டுவிட்டு, சர்க்கரை ஏறி வார்டுக்கு வந்த ஐயா ஒருவர் இருந்தார். எந்த மாத்திரை காலையில், எது இரவில் என்று அவருக்குத் தெரியாது. டப்பாவில் போட்டுக் கொடுத்தது அந்த அம்மா. அதனால் மாதம் ஒருமுறை சமையல் வைத்தோம். சோறு, ரசம், ஒரு பொரியல், அதோடு மாத்திரை டப்பா நிரப்புவது. "எனக்கெதுக்கு, அதான் அவ இருக்காளே" என்று சொல்லிக்கொண்டே வருகிறார்கள். முதல் நாள் சோம்புக்கும் சீரகத்துக்கும் வித்தியாசம் கேட்டவர் இப்போது மிளகைத் தானே இடிக்கிறார்.

பிள்ளைகளிடமும் ஒன்று கேட்கிறேன். அம்மா கைப்பேசியை நீட்டினால் "இங்க குடுங்கம்மா" என்று வாங்கி இரண்டு நொடியில் முடித்துத் தந்துவிடாதீர்கள். பக்கத்தில் உட்காருங்கள். அவர் தப்பாக அழுத்தட்டும், திரும்ப அழுத்தட்டும். வேலை விட்டு வந்த களைப்பில் அது எளிதல்ல என்று எனக்கும் தெரியும். வாரத்தில் ஒரு நாள் போதும்.

வகுப்புக்கு வருகிறவர்களுக்கு ஒரு 555 நோட்டு தருகிறோம். பார்த்ததுமே முகம் மலர்கிறது. எந்த வங்கி, எந்தக் காப்புறுதி, கட்டணம் எந்தத் தேதியில் எந்தக் கணக்கிலிருந்து போகிறது, எந்தக் காகிதம் எந்த அலமாரியில், அவசரத்துக்கு ஆம்புலன்ஸ் எண் 995, எல்லாம் தமிழில், அவரவர் கையெழுத்தில். கடவுச்சொல் மட்டும் எழுதக் கூடாது. போன மாதம் ஒரு தம்பதி தங்கள் நோட்டைக் காட்டினார்கள். முன்பக்கத்திலிருந்து கணவர் சொல்லச் சொல்ல மனைவி வங்கி விவரங்களை எழுதியிருந்தார். திருப்பிப் பிடித்தால் பின்பக்கத்திலிருந்து கணவரின் எழுத்து: ரசத்துக்குப் புளி சின்ன எலுமிச்சை அளவு, கொதிக்க விடக் கூடாது, நுரை கட்டியதும் அடுப்பை அணைக்கணும்.