றிங் மட்டும் போட்டால் போதுமா?

பரந்தன் பக்கமிருந்து ஒரு டொயோட்டா டவுன்ஏஸ் வானைக் கட்டி இழுத்து வந்தார்கள். மரக்கறி ஏற்றும் வான். "அண்ணை, நாலு மாதத்துக்கு முதல்தான் இஞ்சின் இறக்கிச் செய்தது. திரும்பவும் நீலப்புகை, ஒயிலும் குடிக்குது. றிங்கை மட்டும் மாத்தி விடுங்கோ, கையில காசு இல்லை" என்றார் சொந்தக்காரர்.

அவர் கையில் காசு இல்லாதபடியால்தான் நான் மறுத்தேன். றிங் என்பது பிஸ்டனைச் சுற்றியிருந்து சிலிண்டர் சுவரோடு உரசும் வளையம். போன முறையும் றிங் மட்டும்தான் போட்டிருந்தார்கள்.

அதில் இருந்தது டொயோட்டாவின் டூ-சி (2C) டீசல் இஞ்சின். 1974 சிசி, சிலிண்டர் விட்டம் 86 மில்லிமீற்றர். சிலிண்டர்கள் இருக்கும் புளொக் இரும்பு, அவற்றை மேலே மூடும் ஹெட் அலுமினியம். அளவுக்கு மிஞ்சிச் சூடானால் ஹெட் வளையும், வால்வுகளுக்கு நடுவே வெடிக்கும். றிங்கும் சூட்டில் தன் விறைப்பை இழந்துவிடும். ஆகவே ஸ்பானரை எடுக்குமுன் ரேடியேற்றர் மூடியைத் திறந்து பார்த்தேன். குழாய் வாய்களில் கேத்தல் அடியில் பிடிப்பது போல வெள்ளைப் படிவு. வருடக்கணக்காக ஊற்றிய கிணற்றுத் தண்ணீர். சூட்டுக்கேற்ப ரேடியேற்றருக்குத் தண்ணீரைத் திறந்துவிடும் தெர்மோஸ்டாற்றைக் காணவே இல்லை.

"அது இருந்தால்தான் சூடாகும் எண்டு கழட்டிப் போட்டினம்" என்றார். எங்கள் ஊர்க் கராஜ்களில் இது ஒரு வேதவாக்கு. இந்த வகைத் தெர்மோஸ்டாற்றின் அடியில் இன்னொரு தட்டு உண்டு. சூடேறி மேல்வாய் திறக்கும்போது அது பைபாஸ் வழியை மூடும். கழற்றிவிட்டால் அந்த வழி எப்போதும் திறந்தே கிடக்கும். கொதிநீரில் ஒரு பங்கு ரேடியேற்றர் பக்கம் போகாமல் இஞ்சினுக்குள்ளேயே சுற்றும். வெயிலில் சுமையோடு ஏ9 வீதியில் ஓடும் வான் கொதிக்க இது போதும்.

அடுத்தது அளவு. போர் கேஜ் என்ற விட்டம் அளக்கும் கருவி இல்லாவிட்டாலும் சிலிண்டர் தேய்மானத்தைப் பிடிக்க ஒரு வழி இருக்கிறது. தொண்ணூறுகளில் வடக்குக்கு எரிபொருள் தடை இருந்த காலத்தில், பழைய ஒஸ்ரின் ஏ-40 கார்களை மண்ணெண்ணெயில் ஓட்டிக்கொண்டிருந்த நாட்களில், எனக்குத் தொழில் பழக்கிய ஐயா காட்டித் தந்தது. (அந்த மண்ணெண்ணெய் ஒயிலில் கலந்து எத்தனை பேரிங்குகளைத் தின்றது என்பது வேறு கதை.) ஒரு றிங்கைச் சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனைத் தலைகீழாகப் பிடித்து மட்டமாகத் தள்ள வேண்டும். தேயாத அடிப்பகுதியில் றிங்கின் இரு முனைகளுக்கும் நடுவே உள்ள வாய் இடைவெளியை ஃபீலர் கேஜால், அதாவது அளவு குறித்த மெல்லிய தகடுகளால், பார்க்க வேண்டும். பிறகு றிங் அதிகம் உரசும் மேல்பகுதியிலும் பார்க்க வேண்டும். இரண்டின் வித்தியாசத்தை 3.14ஆல் பிரித்தால் விட்டம் எவ்வளவு தேய்ந்தது என்று தெரியும். இவருடையதில் கீழே 0.50, மேலே 0.95. அதாவது 0.14 மில்லிமீற்றர் தேய்மானம். இப்படிப்பட்ட சிலிண்டரில் புது றிங் ஒவ்வொரு ஏற்றத்துக்கும் விரியும், ஒவ்வொரு இறக்கத்துக்கும் சுருங்கும். நாலு மாதம் நின்றதே பெரிய விஷயம்.

வித்தியாசம் மிகச் சிறிதென்றால் ஹோன் பண்ணி, அதாவது சிலிண்டர் சுவரைக் கல்லால் லேசாக உரசி, றிங் மட்டும் போடலாம். நானும் போட்டுக் கொடுத்திருக்கிறேன். அளந்து பார்க்காமல் போடுவதோடுதான் எனக்குச் சண்டை.

சரி, காசை எங்கே மிச்சம் பிடித்தோம்? பிஸ்டன்கள் சுழற்றும் கிராங்க் தண்டு அளவுக்குள் இருந்தது, கிரைண்ட் பண்ணவில்லை. பழைய வால்வுகளையே உரைத்துப் போட்டோம். ஒயில் பம்ப் அளவில் நின்றது, விட்டுவிட்டோம். பெயின்ற் அடிக்கவில்லை. செலவழித்தது போர் அடிக்க (சிலிண்டரைக் கடைந்து பெரிதாக்க), 0.50 மில்லிமீற்றர் கூடிய பிஸ்டன், றிங், பேரிங், கெஸ்கட் இவற்றுக்கு. ஹெட்டை வெடிப்புச் சோதித்து மட்டம் பார்த்தோம். ரேடியேற்றரைப் பிரித்துக் குழாய்ப் படிவைக் குத்தி எடுத்தோம். தெர்மோஸ்டாற்றும் டைமிங் பெல்ற்றும் புதிது. பெல்ற் அறுந்தால் வால்வுகள் பிஸ்டனில் இடிக்கும், செய்த வேலை முழுவதும் போய்விடும்.

ஒன்று சொல்ல வேண்டும். பிஸ்டனை வாங்கி லேத்காரர் கையில் கொடுத்த பிறகே போர் அடிக்கச் சொல்லுங்கள். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடைவெளி மில்லிமீற்றரில் நூறில் சில பங்குதான். பெட்டியில் எழுதியதை நம்பி அடித்தால் ஒன்று இறுகும், இல்லையென்றால் தட்டும்.

ஆயிரம் கிலோமீற்றர் ஓடியதும் ஒயில் மாற்ற வந்தார். புகை இல்லை. சீற்றுக்குக் கீழே ரேடியேற்றருக்கென்று ஒரு பெரிய போத்தல் கிணற்றுத் தண்ணீர் வைத்திருந்தார். அதை வாங்கி வாசல் வாழைக்கு ஊற்றிவிட்டு, கூலன்ற் கானைக் கையில் கொடுத்தேன்.