பக்கவிளைவு, பின்விளைவு, உளைவு: கொலஸ்ட்ரோல் குளிசையைச் சுற்றிய சொற்கள்

"அந்தக் குளிசை சரியான பக்கவிளைவு, நான் விட்டிட்டன்." யாழ்ப்பாணத்தில் கொலஸ்ட்ரோலுக்கு மருந்து எடுப்பவர்கள் இப்படிச் சொல்வதை அடிக்கடி கேட்கலாம். என்ன செய்தது என்று விசாரித்தால் ஒருவர் கால் உளைவு என்பார், இன்னொருவர் உடம்பு கடிச்சது என்பார், வேறொருவர் இன்னும் ஒன்றும் செய்யவில்லை, ஆனால் செய்யுமாம் என்பார். மூன்றும் வேறு வேறு விடயங்கள். ஒரே சொல்லுக்குள் அடைத்து விடுவதால் வைத்தியருக்குத் தெரியவேண்டியது தெரியாமலே போகிறது.

பக்கவிளைவு பழந்தமிழ்ச் சொல் அல்ல, நவீன மருத்துவத்தோடு மொழிபெயர்ப்பாக வந்தது. ஜேர்மன் மருந்தியலாளர் லூயி லெவின் 1881இலேயே மருந்துகளின் பக்கவிளைவுகளைத் தனி நூலாகத் தொகுத்தார். தமிழில் இது நன்றாகவே பொருந்தியது. எதற்காக மருந்து தரப்பட்டதோ அது அதன் பயன். கூடவே உடம்பில் நடக்கும் மற்றதெல்லாம் பக்கவிளைவு. சில வேளை அது நல்லதாகவும் இருக்கலாம். கெடுதல் செய்வதை மட்டும் குறிக்கப் பாதக விளைவு என்ற சொல் இருக்கிறது.

பத்திரிகைகளில் இதற்குப் பின்விளைவு என்று எழுதுவதை நான் ஏற்கமாட்டேன். பின்விளைவு என்பது ஒன்று முடிந்த பிறகு வருவது. கொலஸ்ட்ரோல் குளிசையால் வரும் தசை நோ, எடுக்கும் காலத்தில் வந்து, நிறுத்தினால் பெரும்பாலும் சில கிழமைகளில் அடங்குவது. பின்விளைவு என்று வாசிப்பவர், ஒருநாள் எடுத்தாலே காலத்துக்கும் கேடு என்று பயப்படுகிறார். ஒவ்வாமை இன்னொன்று. உடம்பின் எதிர்ப்புச் சக்தி மருந்தைப் பகையாக எடுத்துக்கொண்டு தோலில் தடிப்பு, முகவீக்கம், மூச்சுத்திணறல் என்று காட்டுவது அது. கால் உளைவை ஒவ்வாமை என்று கிளினிக் கொப்பியில் எழுதிவிட்டால் அந்த வகை மருந்தே அவருக்கு இனிக் கிடைக்காமல் போகலாம்.

சரி, அந்த மருந்து எங்கிருந்து வந்தது? நாங்கள் கொலஸ்ட்ரோல் குளிசை என்பது பெரும்பாலும் ஸ்டாட்டின் என்ற மருந்துக் குடும்பம். ஜப்பானிய விஞ்ஞானி அகிரா எண்டோ ஆயிரக்கணக்கான பூஞ்சணங்களைச் சோதித்து, 1970களில் பெனிசிலியம் இனம் ஒன்றிலிருந்து முதல் ஸ்டாட்டினைப் பிரித்தெடுத்தார். ஈரல் கொலஸ்ட்ரோல் செய்வதற்குத் தேவையான நொதியத்தை (என்சைமை) அது தடுக்கிறது. இவ்வகையில் முதலில் விற்பனைக்கு வந்த லோவஸ்டாட்டினுக்கு 1987இல் அமெரிக்கா அனுமதி கொடுத்தது. அட்டோர்வஸ்டாட்டின், ரொசுவஸ்டாட்டின், சிம்வஸ்டாட்டின் என்று பெட்டியில் எது எழுதியிருந்தாலும் "வஸ்டாட்டின்" என்ற வால் இருந்தால் அது இந்தக் குடும்பம். வாய்ப்புண்ணுக்குப் பூசும் நிஸ்டாட்டினுக்கும் இதற்கும் ஒரு சொந்தமும் இல்லை. அது பூஞ்சணத்தைக் கொல்லும் மருந்து, நியூயோர்க் மாநிலத்தின் பெயரால் அமைந்தது.

இனி உளைவு. கிரேக்கத்தில் தசைக்கும் எலிக்கும் ஒரே சொல்; அதோடு வலி என்ற சொல்லைச் சேர்த்து மருத்துவர்கள் மயால்ஜியா என்கிறார்கள். அகராதிகள் தசைவலி என்று தருகின்றன. எங்களூர்ச் சொல்லான உளைவு அதைவிடத் துல்லியமானது என்பதே என் கருத்து. வெட்டுக்காயம் நோகும், ஊசி குத்தும், தோட்டம் கொத்திய மறுநாள் தொடை உளையும். மன உளைச்சல் என்பதில் இருப்பதும் இதே உளைதான். ஸ்டாட்டினால் வரும் வலி இந்த உளைவு வகைதான்: இரண்டு தொடையிலும் அல்லது இரண்டு தோள்மூட்டிலும், இரு பக்கமும் ஒரேமாதிரி, மருந்து தொடங்கியோ அளவு கூட்டியோ சில கிழமைகளில். ஒரு முழங்கால் மட்டும் நோவதும், நாரி பிடிப்பதும் அநேகமாக வேறு காரணத்தால். மானிப்பாயில் 19ஆம் நூற்றாண்டில் அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன் தமிழிலேயே மருத்துவம் படிப்பித்த மண் இது. நோயாளியின் வாயில் இருக்கும் சொல்லைப் பாடநூலிலும் வைக்கத் தயங்க வேண்டியதில்லை. தசை உளைவு என்றே எழுதலாம்.

மிக அரிதாக நடப்பது ரப்டோமயோலிசிஸ். வரி, தசை, சிதைவு என்ற மூன்று கிரேக்கச் சொற்களின் கூட்டு; வரித்தசைச் சிதைவு என்றால் சரியாக வரும். தசை சிதைந்து இரத்தத்தில் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும். தாங்கமுடியாத உளைவு, பலவீனம், சலம் கடும் பிளேன்ரீ நிறத்தில் போதல் ஆகியன அறிகுறிகள். அப்படியானால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். செரிவஸ்டாட்டின் என்ற மருந்து 2001இல் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது இதனால்தான். ஈரல் நொதியம் கூடுவதும், இரத்தச் சீனி சிறிதளவு ஏறுவதும் உண்டு; இரண்டையும் இரத்தப் பரிசோதனையில் பார்த்துக்கொள்ளலாம்.

"செய்யுமாம்" என்று விட்டவருக்கும் ஒரு சொல் இருக்கிறது: நோசிபோ. கெடுதல் வரும் என்ற பயமே உடம்பில் தொந்தரவை வரவழைப்பது அது. இலத்தீனில் "நான் தீங்கு செய்வேன்" என்று பொருள். தமிழில் அச்சவிளைவு என்று சொல்ல விரும்புகிறேன். பக்கவிளைவால் ஸ்டாட்டினை நிறுத்திய 60 பேரை வைத்து லண்டனில் ஓர் ஆய்வு நடந்து 2020இல் வெளியானது. சில மாதம் ஸ்டாட்டின், சில மாதம் மருந்தில்லாத போலிக் குளிசை, சில மாதம் ஒன்றுமில்லை. குளிசை எடுத்த மாதங்களில் எது உண்மையானது என்று அவர்களுக்குத் தெரியாது. ஸ்டாட்டின் மாதங்களில் பட்ட கஷ்டத்தில் பத்தில் ஒன்பது பங்கு போலிக் குளிசை மாதங்களிலும் இருந்தது. உளைவு பொய் என்று இதற்கு அர்த்தமில்லை. அவர்கள் உண்மையிலேயே வலியை அனுபவித்தார்கள், காரணம்தான் வேறு. பிறகு அவர்களில் பாதிப்பேர் அளவில் திரும்ப மருந்தைத் தொடங்கினார்கள்.

ஆகவே கிளினிக்கில் "பக்கவிளைவு" என்பதோடு நிறுத்தாமல், எங்கே உளைகிறது, இரண்டு பக்கமுமா, குளிசை தொடங்கி எத்தனை கிழமையில், இடையில் கிளரித்ரோமைசின் போன்ற அன்ரிபயோட்டிக் ஏதும் எடுத்தீர்களா என்று சொல்லுங்கள். அதை வைத்துத்தான் வைத்தியர்கள் இரத்தத்தில் தசை நொதியத்தைப் பார்ப்பார்கள், அளவைக் குறைப்பார்கள், அல்லது அதே குடும்பத்தில் வேறொன்றுக்கு மாற்றுவார்கள்.