அணிலுக்கு உச்சிக்கிளை, பழ ஈக்கு ஒன்றுமில்லை

விளையில் (தோட்டத்தில்) நிற்கும் மாமரத்திடம் பங்கு கேட்டு வருவோர் இரு வகை. அணிலும் குயிலும் குக்குறுவானும் வவ்வாலும் பழுத்தபின் வருபவை. பழ ஈ காய் விளையும்போதே வந்துவிடும். முதல் கூட்டத்துக்குத் தாராளமாகக் கொடுக்கலாம். பழ ஈக்குக் கொடுத்தால் மற்றவர்களுக்குக் கொடுக்க எதுவும் மிஞ்சாது.

தோல் இளகத் தொடங்கியதும் பெண் ஈ வயிற்று நுனியிலுள்ள ஊசி போன்ற உறுப்பைச் செருகி, தோலுக்கடியில் கொத்தாக முட்டையிடும். வெளியே ஒரு குத்துப்புள்ளி மட்டுமே தெரியும். ஓரிரு நாளில் பொரியும் புழு ஏறக்குறைய ஒரு வாரம் சதையைத் தின்னும். பழம் அழுகி விழும். பிறகு புழு மண்ணில் 2 முதல் 5 செ.மீ. ஆழத்துக்குள் கூட்டுப்புழுவாகி, சுமார் 10 நாளில் ஈயாக வெளிவரும். குமரி மாவட்டத்தில் கடுங்குளிர் இல்லை, மழையும் இரண்டு பருவம், மா ஓய்ந்தால் கொய்யா காத்திருக்கிறது. இந்தச் சுழல் தானாக அறுவது கடினம்.

ஆகவே, 'விழுந்ததைப் பூச்சி தின்னட்டும்' என்று விடுவதுதான் பெரிய தவறு. காலைதோறும் பொறுக்கி, கறுப்புப் பாலித்தீன் பையில் இறுகக் கட்டி, ஒரு வாரமாவது வெயிலில் போடுங்கள். மழைக்காலத்தில் ஒன்றரை அடிக்கும் கீழே புதையுங்கள். உரக்குழியின் மேலாக வீசினால் அது ஈ வளர்க்கும் பண்ணைதான்.

கைக்கெட்டும் கிளைகள் வீட்டுக்கு, உச்சி பறவைகளுக்கு. கொய்யாவை எலுமிச்சை அளவிலும் மாங்காயை முட்டை அளவிலும் பை கட்டி மூடவேண்டும். வெயில் காலத்தில் செய்தித்தாள் பை போதும். மழையில் அது கிழியும் என்பதால் துணி போன்ற நெய்யாத பை நல்லது. கீழ்மூலையில் தண்ணீர் வடிய ஊசித்துளை இருக்கட்டும். பை பழத்தோடு ஒட்டக்கூடாது. வலைப்பை ஒட்டியிருந்தால் கண்ணி வழியாகவே ஈ குத்தும்.

மெத்தில் யூஜினால் என்ற ஈர்ப்பு மருந்து வைத்த பொறியில் விழுவது ஆண் ஈக்கள் மட்டும். டப்பா நிறைவதைப் பார்க்க மகிழ்ச்சிதான், ஆனால் தப்பிய சில ஆண்களே பல பெண்களோடு இணையும். பொறியை மட்டும் நம்பாதீர்கள். முசுறு எறும்புக் கூடு இருந்தால் கலைக்கவும் வேண்டாம். அவை திரியும் மரத்தில் ஈ முட்டையிடத் தயங்கும்.

வவ்வால் பழத்தை மென்று சாற்றை மட்டும் விழுங்கி, நாரைத் துப்பிவிடும். கொட்டையைத் தொலைவில் போடுவதால் புன்னை போன்ற மரங்கள் பரவுகின்றன. ஆனால் அது கடித்த பழத்தைக் கழுவியோ வெட்டியோ தின்னக்கூடாது, ஆட்டுக்கும் போடக்கூடாது. 2018இல் கோழிக்கோட்டில் பரவிய நிபா வைரஸுக்குப் பழந்தின்னி வவ்வால்களே இயற்கை இருப்பிடம். கையுறையோடு எடுத்துப் புதையுங்கள். மரத்துக்கு வலை போடுவதானால் விரல் நுழையாத கண்ணியாக, இழுத்துக் கட்டியதாக இருக்கட்டும். தொளதொளத்த நைலான் வலையில் வவ்வாலும் பறவையும் சிக்கிச் சாகும்.

மாவிலையைத் தின்று வளரும் பாரன் வண்ணத்துப்பூச்சி, பெரிதானதும் அழுகும் பழச்சாற்றைத் தேடும். கறுத்துக் கனிந்த இரண்டு மட்டி வாழைப்பழத்தைக் கீறி, தட்டில் வைத்து, இடுப்புயரத்தில் நிழலில் தொங்கவிடுங்கள். எறும்பு இறங்காமலிருக்க கயிற்றில் கிரீஸ் தடவலாம். எலி வரும் என்பதால் இரவில் உள்ளே எடுத்துவிடவேண்டும். இரண்டு நாளுக்கொரு முறை பழத்தை மாற்றி, பழையதைக் கறுப்புப் பையில் போடுங்கள்: பழ ஈ அதில் முட்டையிட்டிருந்தாலும், புழு வளர ஒரு வாரம் கிடைக்காது.