சர்வரின் முகவரியை மாற்றிய பிறகும் தொலைபேசி ஊமையாக இருப்பது ஏன்?

ஃபைபர் இணைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்பட்டு, வீட்டுக்குப் புது ரூட்டர் வந்திறங்கிய வாரத்தில் எனக்கு வரும் அழைப்புகளில் ஒரு வகை எப்போதும் ஒன்றுபோலவே இருக்கும்: இணையம் ஓடுகிறது, தொலைக்காட்சியும் ஓடுகிறது, மகன் ராஸ்பெரி பையில் அமைத்துக்கொடுத்த வீட்டுத் தொலைபேசி மட்டும் வேலை செய்யவில்லை. சிங்கப்பூரில் சிறு கடைகளுக்கும் வீவக (அரசு அடுக்குமாடி) வீடுகளுக்கும் இணையக் கட்டமைப்பு வேலை செய்பவன் நான். ராஸ்பெரி பை என்ற அந்த உள்ளங்கையளவுக் கணினியில், அழைப்புகளைக் கையாளும் ஆஸ்டெரிஸ்க் மென்பொருளையும் அதை அமைக்க உதவும் வலைப்பக்கமான ஃப்ரீபிபிஎக்ஸையும் நிறுவி, 3-இல் தொடங்கும் இணையத் தொலைபேசி எண்ணை அதனுடன் இணைத்துக்கொண்ட வீடுகளில் நான் கண்டவற்றை இங்கே எழுதுகிறேன்.

காரணம் எளிது. சர்வராக இயங்கும் அந்தக் கணினிக்கு 192.168.1.50 என்று நிலையான முகவரி ஒன்றைக் கையால் எழுதிவைத்திருப்பார்கள். பழைய ரூட்டர் 192.168.1.1-இல் இருந்திருக்கும். புதியதோ 192.168.50.1-இல் வந்து உட்கார்ந்திருக்கும். மற்ற கருவிகள் டிஎச்சிபி (ரூட்டரே முகவரி வழங்கும் முறை) வழியாகப் புது முகவரியைத் தாமாகவே வாங்கிக்கொள்ள, சர்வர் மட்டும் இடிக்கப்பட்ட புளோக்கின் வாசலில் தபாலுக்குக் காத்திருப்பவரைப்போல் பழைய முகவரியிலேயே நின்றுவிடுகிறது.

புது ரூட்டரின் உள்முகவரியையே 192.168.1.1 என மாற்றிவிட முடியுமா என்றுதான் நான் முதலில் பார்ப்பேன். முடிந்தால் சர்வரைத் தொடவே வேண்டாம். வீட்டிலிருந்து வேலை செய்பவரின் அலுவலக விபிஎன் (இணையம் வழியான பாதுகாப்பான தனிப்பாதை) அதே முகவரி வரிசையைப் பயன்படுத்தி மோதும்போதோ, ரூட்டர் அந்த மாற்றத்துக்கு இடம் கொடுக்காதபோதோ சர்வரை மாற்றித்தான் ஆக வேண்டும்.

முகவரியை மாற்றுவது ஐந்து நிமிட வேலை. ரூட்டர் 100 முதல் 200 வரையுள்ள முகவரிகளைப் பங்கிடுகிறது என்றால், அந்த வரம்புக்கு வெளியே, 192.168.50.10 போன்ற ஒன்றைத் தேர்ந்து, நெட்மாஸ்க் (கட்டமைப்பின் அளவு), கேட்வே (ரூட்டரின் முகவரி), டிஎன்எஸ் (இணையப் பெயர்களை முகவரியாக்கும் சர்வர்) ஆகியவற்றுடன் எழுத வேண்டும். 2023 அக்டோபரில் வெளியான ராஸ்பெரி பை இயங்குதளம் முதல் இதை நெட்வொர்க் மேனேஜர் என்னும் மென்பொருள் கவனிப்பதால், பழைய குறிப்புகள் சொல்லும் டிஎச்சிபிசிடி கோப்பில் எழுதிப் பயனில்லை. எஸ்டி கார்டை முதலில் பிரதியெடுத்துவிட்டு, திரையையும் கீபோர்டையும் நேரடியாகச் செருகி மாற்றுங்கள். வேறு கணினியிலிருந்து உள்நுழைந்து மாற்றும்போது ஓர் இலக்கம் தவறினால், திருத்துவதற்கு உள்ளே போகும் வழியே அடைபட்டுவிடும்.

இவ்வளவோடு வேலை முடிந்தது என்று நானே ஒருமுறை கிளம்பிவிட்டேன். செங்காங்கில் தனியாக இருக்கும் ஓர் அம்மாவின் வீடு அது. போன் சர்வரில் பதிவாகிவிட்டது, டயல் ஒலியும் வந்தது. மறுநாள் காலை அவர் கைப்பேசியில் அழைத்தார்: "தம்பி, மக பேசறது எனக்கு நல்லாக் கேக்குது. நான் பேசறதுதான் அவளுக்குக் கேக்கலையாம். அரை நிமிஷத்துல கட்டும் ஆகிடுது."

அந்த இரண்டு அறிகுறிகளுக்கும் மூலம் ஒன்றுதான். ரூட்டருக்குப் பின்னால் இருக்கும் ஆஸ்டெரிஸ்க், வெளியாருக்கு இணையத்தில் தெரியும் பொது முகவரியையும் வீட்டுக்குள் இருக்கும் போன்களுக்கு உள்முகவரியையும் சொல்ல வேண்டும். யார் வீட்டார் என்பதை அறிய, உள்கட்டமைப்புகளின் பட்டியல் ஒன்றை அது வைத்திருக்கிறது. அந்தப் பட்டியலில் 192.168.1.0/24 (192.168.1 என்று தொடங்கும் முகவரிகள்) மட்டுமே இருந்ததால், 192.168.50 என்ற வரிசைக்கு வந்துவிட்ட அம்மாவின் போனை அது அந்நியராகக் கருதி, குரலைப் பொது முகவரிக்கு அனுப்பச் சொன்னது. குரல் ரூட்டர் வரை போய் அங்கேயே அழிந்தது. மகளின் குரலைச் சர்வரே நேராகப் போனுக்கு அனுப்பியதால் அது மட்டும் கேட்டது. அழைப்பை ஏற்றதற்கான உறுதிச் செய்தியும் அதே தவறான வழியில் போனதால், இணைய அழைப்புகளை அமைக்கும் எஸ்ஐபி நெறிமுறையின்படி 32 வினாடி காத்திருந்துவிட்டுச் சர்வர் இணைப்பைத் துண்டித்தது.

அதிலிருந்து, பழையதை அழிக்கும் முன் புதியதைச் சேர்ப்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். சர்வர் இன்னும் பழைய முகவரியில் இருக்கும்போதே ஃப்ரீபிபிஎக்ஸின் எஸ்ஐபி அமைப்புப் பக்கத்தில் புது வரிசையை உள்கட்டமைப்பாகச் சேர்த்துவிடுவேன். ஃபயர்வாலின் (தேவையற்ற இணைப்புகளைத் தடுக்கும் அரணின்) நம்பகப் பட்டியலிலும், தவறான கடவுச்சொல்லோடு திரும்பத் திரும்ப வருவோரைத் தடுக்கும் ஃபெயில்2பேனின் விலக்குப் பட்டியலிலும் அதையே சேர்ப்பேன். இல்லையென்றால், கடவுச்சொல்லைத் தவறாக அனுப்பிக்கொண்டே இருக்கும் ஒரு போனைத் தாக்குதலாளி என்று எண்ணி ஃபெயில்2பேன் பூட்டிவிடும். எஸ்ஐபி இணைப்பு பழைய முகவரியோடு கட்டப்பட்டிருக்கிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும். கட்டப்பட்டிருந்தால், முகவரி மாறியதும் போன் எதுவும் பதிவாகாது. பக்கத்தில் சேமித்தால் மட்டும் போதாது, ஆஸ்டெரிஸ்க்கை முழுதாக நிறுத்தித் தொடங்கினால்தான் இம்மாற்றங்கள் பிடிக்கும். சர்வரின் முகவரியையும் மாற்றிய பிறகே போன்கள் ஒவ்வொன்றிலும், பழைய வகைத் தொலைபேசியைச் சர்வரோடு இணைக்கும் அடாப்டரிலும், சர்வர் முகவரியைத் திருத்த வேண்டும்.

புது ரூட்டரில் எஸ்ஐபி அழைப்புகளுக்கான வாசலான 5060 போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிடும்படி சொல்லும் அறிவுரைக்குச் செவிசாய்க்காதீர்கள். திறந்த சில மணி நேரத்திலேயே உங்கள் சர்வரில் அந்நியர்கள் எண்களை ஒவ்வொன்றாகத் தட்டிப்பார்ப்பதைப் பதிவேட்டில் காணலாம். ஒரு பலவீனமான கடவுச்சொல் அகப்பட்டால், வெளிநாட்டு அழைப்புகளின் கட்டணம் உங்கள் தலையில் விழும். வெளியிலிருந்து பேச வேண்டுமென்றால் விபிஎன் வழியாக வாருங்கள்.

சோதனைக்கு உங்கள் கைப்பேசியை அழைத்து, இரு பக்கமும் குரல் கேட்பதை உறுதிசெய்து, ஒரு நிமிடத்துக்கு மேல் பேசுங்கள். பிறகு கைப்பேசியிலிருந்து வீட்டு எண்ணுக்கும் அவ்வாறே. அவசர எண்களான 995-ஐயோ (ஆம்புலன்ஸ், தீயணைப்பு) 999-ஐயோ (காவல்துறை) சோதனைக்காக அழைக்கவே கூடாது. மின்சாரம் போனால் இந்தச் சர்வரும் போய்விடும் என்பதால், முதியவர் தனியாக இருக்கும் வீட்டில் சார்ஜ் ஏற்றிய கைப்பேசி ஒன்று கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். பல போன்களில் பதிவு 3600 வினாடிக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுவதால், ஒரு மணி நேரம் கழித்து மீண்டும் ஒரு முறை அழைத்துப் பார்க்கிறேன். செங்காங் அம்மாவின் வீட்டில் அந்த இரண்டாவது அழைப்பை எடுத்தவர், தேத்தண்ணி ஆறிக்கொண்டிருக்கிறது என்று சொல்லி அவரே வைத்துவிட்டார்.