ஆபீஸ் கணினி வீட்டுத் திரைக்கு வருவது எப்படி?

வீட்டிலிருந்தே ஆபீஸ் கணினியை இயக்க உதவும் ரிமோட் டெஸ்க்டாப் என்றால் ஆபீஸ் திரையை வீடியோ எடுத்து வீட்டுக்கு அனுப்புவது என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் நீங்கள் தட்டும் விசைகளும் மவுஸ் அசைவும் இங்கிருந்து போகின்றன, அங்கே திரையில் எது மாறியதோ அந்தப் பகுதி மட்டும் சுருங்கி இங்கே வருகிறது. எக்செல்லில் ஒரு கட்டத்தில் எண் அடித்தால் அந்தக் கட்டத்தையொட்டிய துண்டு வந்தால் போதும். அதனால்தான் சுமாரான நெட்டில் எக்செல் ஓடுகிறது, வீடியோ திணறுகிறது.

சரி, வெளியிலிருந்து அந்தக் கணினியை எட்டுவது எப்படி? அதன் முகவரி 192.168.1.20 என்பதுபோல இருக்கும், ஆனால் அதே முகவரி உலகத்தில் எத்தனையோ வீடுகளிலும் அலுவலகங்களிலும் இருக்கிறது, வெளியே அதற்கு மதிப்பில்லை. உள்ளிருந்து யாராவது கேட்டதற்கு வரும் பதிலை ரவுட்டர் உள்ளே விடும். கேட்காமல் வருவதை யாரிடம் கொடுப்பது என்று தெரியாமல் தள்ளிவிடும்.

இந்த இடத்தில்தான் பலர் அவசரப்பட்டு ரவுட்டரில் 3389 என்ற போர்ட்டை, அதாவது ரிமோட் டெஸ்க்டாப் பயன்படுத்தும் நுழைவாயிலை, நேரடியாகத் திறந்துவிடுகிறார்கள். தயவுசெய்து செய்யாதீர்கள். திறந்த போர்ட்டுகளைத் தேடும் நிரல்கள் இணையம் முழுக்க இரவு பகலாக ஓடுகின்றன, கண்ணில் பட்டதும் கடவுச்சொற்களை வரிசையாகப் போட்டுப் பார்க்கும். 2019 மே மாதம் வெளிவந்த புளூகீப் என்ற ரிமோட் டெஸ்க்டாப் பாதுகாப்பு ஓட்டை வழியாக நுழையக் கடவுச்சொல்லே தேவைப்படவில்லை. ஆதரவு நிறுத்தி 5 வருடம் ஆன விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் அப்போது திருத்தம் கொடுத்தது என்றால் ஆபத்தைப் புரிந்துகொள்ளலாம்.

நல்ல வழி விபிஎன். முதலில் ஆபீஸ் நெட்வொர்க்குக்குள் குறியாக்கம் செய்த பாதை ஒன்று, ஓடிபியும் சேர்த்து. ரிமோட் டெஸ்க்டாப் அதற்குள்தான். எனிடெஸ்க், டீம்வியூவர் போன்றவை வேறு மாதிரி: இரண்டு கணினிகளும் தாமாகவே வெளியே போய் ஒரு சர்வரில் சந்திப்பதால் ரவுட்டரைத் தொடவே வேண்டாம். எதுவானாலும் ஐடி பிரிவிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

விண்டோஸின் ரிமோட் டெஸ்க்டாப்புக்கு ஆபீஸ் கணினியில் விண்டோஸ் ப்ரோ வேண்டும், ஹோம் பதிப்பு இந்த வசதியில் பிறரை உள்ளே விடாது. அப்புறம், கணினி தூங்கிவிட்டால் எல்லாம் வீண். அதை எழுப்ப வேக் ஆன் லேன் இருக்கிறது, நெட்வொர்க் வழியாகப் போகும் ஒரு சின்னச் செய்தி: 6 பைட் நிறைய எஃப்எஃப், பின்னால் அந்தக் கணினியின் மேக் முகவரி (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) 16 தடவை, மொத்தம் 102 பைட். தூக்கத்திலும் நெட்வொர்க் கார்டு மட்டும் விழித்திருந்து தன் முகவரியைக் கண்டதும் கணினியை எழுப்பும். ஆனால் இந்தச் செய்தி வழக்கமாக ரவுட்டரைத் தாண்டாது, அதே நெட்வொர்க்கில் விழித்திருக்கும் இன்னொரு கருவிதான் அனுப்ப வேண்டும். கரண்ட் போய் வந்தால் தானே ஆன் ஆகும்படி பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் கணினியின் அடிப்படை நிரலில்) ஓர் அமைப்பு இருக்கும், ஆபீஸை விட்டுக் கிளம்பும் முன்பே அதைப் போட்டுவிடுங்கள்.