ஏப்ரல் சீசனுக்கு முன் பழைய பெயின்ட்டைச் சுரண்டும் வீட்டுக்காரர்களுக்கு

மார்ச் பிறந்துவிட்டால் நுவரெலியாவில் பெயின்ட் பாஸ்மாரைப் பிடிக்கவே முடியாது. ஏப்ரல் சீசனுக்குள் வாடகை வீட்டைப் பளிச்சென்று ஆக்கிவிட வேண்டும் என்று எல்லாருக்கும் ஒரே அவசரம். பழைய கட்டடங்களைத் திருத்துவதுதான் என் தொழில். இந்த அவசரத்தில் எனக்குப் பயம் தருவது, பழைய பெயின்ட்டைக் காய்ந்தபடியே சேன்ட்பேப்பர் போட்டுத் தேய்ப்பது.

வெள்ளைக்காரன் காலத்து பங்களாவின் ஜன்னல் கட்டையில் ஒரு மூலையைக் கத்தியால் சீவிப் பாருங்கள். மேலே கிரீம், அடியில் பச்சை, அதற்கும் கீழே மஞ்சள், மரத்தோடு ஒட்டி வெள்ளை. அந்த அடிப்பூச்சுகளில் ஈயம் இருக்க நிறைய வாய்ப்புண்டு. இரும்புக்கும் தகரத்துக்கும் துருப்பிடிக்காமல் அந்தக் காலத்தில் அடித்த ரெட் லெட் என்ற சிவப்பு ஈயப் பூச்சைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

எனாமல் பெயின்ட்டில் ஈயம் 600 பிபிஎம்மை, அதாவது பத்து லட்சத்தில் 600 பங்கைத், தாண்டக்கூடாது என்ற பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபையின் கட்டளை 2013 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அது பெயின்ட் செய்பவருக்கும் விற்பவருக்கும்தான். அதற்கு முன்பே உங்கள் ஜன்னலில் ஏறிவிட்ட பூச்சை அது ஒன்றும் செய்யாது. அமெரிக்காவில் 1978க்கு முன் கட்டிய வீட்டை வாடகைக்கு விடுபவர், ஈயப் பூச்சைப் பற்றித் தமக்குத் தெரிந்ததை ஒப்பந்தத்தில் கையெழுத்தாகும் முன்பே சொல்லியாக வேண்டும். யாரும் கேட்காவிட்டாலும் நாமும் சொல்லலாமே.

பூச்சு உரியாமல் இறுக்கமாக இருந்தால் கிளறாதீர்கள். சோப்புத் தண்ணீரால் துடைத்து மேலே புதிது அடித்தால் போதும். வில்லங்கம் தூசியில்தான். ஜன்னலைத் திறந்து மூடும்போது கட்டைகள் உரசினாலும் அது கொட்டும். தவழும் பிள்ளை கையை ஊன்றும், அதே கையை வாயில் வைக்கும். பெரியவர்களைவிடச் சிறுபிள்ளைகளின் உடம்பு ஈயத்தை நாலைந்து மடங்கு கூடுதலாக உறிஞ்சும். மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். இவ்வளவு வரை ஆபத்தில்லை என்று ஒரு அளவே கிடையாது என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

சுரண்டித்தான் ஆக வேண்டுமென்றால் தண்ணீர் தெளித்து, வாட்டர் பேப்பரால் தேய்க்கச் சொல்லுங்கள். நெருப்பை ஊதும் புளோ லாம்பால் சுட்டு உரிக்க விடவே கூடாது. கீழே பொலித்தீன் விரியுங்கள், ஜன்னலுக்கு வெளியேயும்தான். நம் ஊரில் சுவரை ஒட்டியே கரட் பாத்தி, லீக்ஸ் பாத்தி இருக்கும், சீவிய செதில் எல்லாம் நேரே அதில்தான் விழும். விளக்குமாற்றால் பெருக்காமல் ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். கழற்றிய பழைய ஜன்னல் கட்டையைக் குளிக்க வெந்நீர் போடும் அடுப்பில் வைக்கும் பழக்கம் இங்கே பல வீடுகளில் உண்டு. அந்தப் புகையிலும் சாம்பலிலும் ஈயம் வரும். குடியிருப்பவர்கள், முக்கியமாகக் கர்ப்பிணிகளும் பிள்ளைகளும், வேலை முடிந்து துடைத்தெடுக்கும் வரை வேறெங்காவது இருக்கட்டும்.

கூலி விஷயமும் உண்டு. மொத்தமாகக் கொந்தராத்துப் பேசினால் பாஸ் சீக்கிரம் முடிக்கத்தான் பார்ப்பார். காய்ந்தபடி தேய்ப்பதுதான் அவருக்குச் சீக்கிரம். அவர்மேல் குற்றமில்லை. சுரண்டும் வேலைக்கு மட்டுமாவது நாட்கூலி பேசுங்கள், ஒரு நல்ல மாஸ்க்கும் வாங்கிக் கொடுங்கள்.