குழையாத கூஸ்கூஸ்

பார்த்தால் தானியம் மாதிரி இருக்கும். ஆனால் கூஸ்கூஸ் எந்தச் செடியிலும் விளைவதில்லை. கோதுமை ரவையை உருட்டிச் செய்வது. வட ஆப்பிரிக்காவின் அன்றாடச் சாப்பாடு. அல்ஜீரியா, மொராக்கோ, துனிசியா, மொரிட்டானியா நான்கும் சேர்ந்து விண்ணப்பித்து, 2020இல் இது யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் இடம்பிடித்தது.

இதற்கான ரவை டியூரம் என்ற கெட்டிக் கோதுமையிலிருந்து வருகிறது. அரைத்தால் சட்டென்று மாவாகாமல் குருணையாக உடையும் ரகம் இது. அகன்ற தட்டில் ரவையைப் பரப்பி, உப்புத் தண்ணீர் தெளித்து, உள்ளங்கையை வட்டமாகச் சுழற்றித் தேய்ப்பார்கள். ஈரம் பட்ட புரதம் பசையாகித் துகள்களை ஒட்டவைக்கும். மேலே தூவும் நைசான மாவு உருண்டையின் ஈரத்தை இழுத்துக்கொண்டு உறையாகப் படியும். பிறகு சல்லடை. அளவுக்கு வராத பொடி மறுபடியும் தட்டுக்கே போகும்.

இனி வேகவைப்பது. சூட்சுமம் இங்கேதான். மாவுச்சத்து சுமார் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் தண்ணீரை இழுத்து உப்பும். கொதிநீரில் கொட்டினால் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. உப்பி, மாவுச்சத்து வெளியே கசிந்து, எல்லாம் கூழாகிவிடும். அதனால்தான் புட்டு மாதிரி ஆவியில் அவிக்கிறார்கள். ஆனால் ஆவி கொடுக்கும் ஈரம் மட்டும் போதாது. ஒரு தடவை அவித்ததும் தட்டில் கொட்டி, தண்ணீர் தெளித்து, எண்ணெயோ வெண்ணெயோ தொட்ட கையால் கட்டிகளை உதிர்த்து, மறுபடியும் அவிக்க வேண்டும். இரண்டு மூன்று சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் தண்ணீர் உள்ளே இறங்க நேரம் கிடைக்கிறது. மணியும் குழையாமல் பருக்கிறது.

ஆவி வருவது வெறும் தண்ணீரிலிருந்து அல்ல. கீழ்ப்பானையில் ஆட்டிறைச்சி, கொண்டைக்கடலை, பரங்கி, கேரட் கொதிக்கும். அடியில் துளையிட்ட பாத்திரம் அதன்மேல் உட்காரும். இடுக்கில் ஆவி தப்பாமலிருக்க, மாவுக் கரைசலில் நனைத்த துணியைச் சுற்றிக் கட்டுவார்கள். இரட்டை வேலை ஒரே அடுப்பில்!

கடைப் பாக்கெட்டில் வருவது பெரும்பாலும் ஏற்கெனவே அவித்துக் காயவைத்தது. அதற்கு இவ்வளவு பாடு வேண்டாம். ஒரு கப்புக்கு ஏறக்குறைய ஒரு கப் கொதிநீர் ஊற்றி, ஐந்து நிமிடம் மூடிவைத்து, முள்கரண்டியால் உதிர்த்தால் சரி. அடுப்பில் ஏற்றிக் கிளறாதீர்கள். முத்து கூஸ்கூஸ் என்று பெரிய மணிகளாக விற்பது மட்டும் வேறு. அது பாஸ்தா வகை. ஊறவைத்தால் வேகாது, கொதிக்கவிட்டே ஆகவேண்டும்.